புதிரிலிருந்து சமன்பாட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது?

பெரம்பூரில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்கும் இயற்பியலும் எடுக்கிறேன். புதிர் என்றால் துள்ளுகிறார்கள். அதையே சமன்பாடாக எழுதச் சொன்னால் வகுப்பே அடங்கிவிடுகிறது. ஜூனிலிருந்து இப்படித்தான்.

சன்னல் மூடிய பேருந்தில் ஹீலியம் பலூன், திடீர் பிரேக், பலூன் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டேன். பின்பக்கம் என்றதும் ஒரே சண்டை, நல்ல சண்டை! அப்புறம், கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மணிக்கு 30 கிலோமீட்டர், திரும்ப 60; சராசரி வேகம்? எல்லோரும் 45 என்றார்கள். தூரத்தை 30 என்று வைத்து, போக ஒரு மணி, வர அரை மணி என்று காட்டியதும் 40 புரிந்தது. தூரத்தை எக்ஸ் என்றால் பேனா நகரவில்லை. படம் வரையவிட்டும் குழுவாகப் பிரித்தும் பார்த்துவிட்டேன்.

எக்ஸ் போடாமல் தீராத அன்றாடப் புதிர் எது உங்கள் வகுப்பில் எடுபட்டது?