கேகான்ஃபிக் கோப்பில் இடைவெளிகளைச் சீராக்கியதும் மெனுகான்ஃபிக் திறக்க மறுக்கிறது

கரிசல்பலகை:
வணக்கம். என் கணினிப் பலகையுடன் வந்த பழைய லினக்ஸ் கர்னலில் (இயங்குதளத்தின் மையக்கருவில்), ஃபிளாஷ் நினைவக டிரைவர்களுக்கான எம்டிடி அடைவில் உள்ள கேகான்ஃபிக் கோப்பைத் திறந்தேன்; கர்னலில் எவற்றைச் சேர்க்கலாம் என்ற தேர்வுகளைப் பட்டியலிடும் கோப்பு அது. சில வரிகள் டேபில் தொடங்குகின்றன, சில வெற்று இடைவெளிகளில். சில பத்திகளை மட்டும் தேர்ந்தெடுத்து, டேபை இடைவெளியாக்கும்படி எடிட்டரிடம் சொன்னேன். திரையில் எல்லாம் நூல் பிடித்தாற்போல் நிற்கிறது. அந்தத் தேர்வுகளை மெனுவாகக் காட்டும் மெனுகான்ஃபிக்கோ, ஒரு தேர்வை விளக்கும் உதவிப் பத்தியின் நடுவில் உள்ள சொல்லைக் காட்டி ‘அன்நோன் ஸ்டேட்மென்ட்’ (தெரியாத கட்டளை) என்கிறது. அது வெறும் விளக்க உரைதானே? கோப்பில் என்ன மாறியது என்று காட்டும் ‘கிட் டிஃப்’ கட்டளையை, இடைவெளிகளைப் பொருட்படுத்தாத டபிள்யூ விருப்பத்துடன் ஓட்டினால் மாற்றமே இல்லை என்கிறது.

அலையாத்தி:
உங்கள் எடிட்டரில் டேபின் அகலம் நான்கா? கோப்பைத் திரையில் காட்டும் கேட் கட்டளையைப் பெரிய ஏ விருப்பத்துடன் ஓட்டுங்கள். டேப் உள்ள இடத்தில் தொப்பிக்குறியும் ஐயும் தெரியும்.

கரிசல்பலகை:
ஆமாம் அண்ணா, நான்குதான். பத்தியின் முதல் வரி டேபும் இரண்டு இடைவெளியும். அடுத்த வரிகளில் டேப் இல்லை, ஆறு இடைவெளிகள்.

அலையாத்தி:
அப்படியானால் வேறெங்கும் தேட வேண்டாம். கேகான்ஃபிக்குக்கு ஒரு டேப் என்றால் எட்டு நிரல்கள், அதாவது எட்டு எழுத்து அகலம். உங்கள் எடிட்டரின் கணக்கு அதற்குத் தெரியாது. உதவிப் பத்தியின் முதல் வரி பத்து நிரல் உள்ளே தொடங்குகிறது. அதைவிடக் குறைவாகத் தள்ளப்பட்ட வரி வந்தவுடன் பத்தி முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். ஆறு நிரலில் நிற்கும் உங்கள் ஆங்கில விளக்கத்தைக் கட்டளையாகப் படித்துத் திணறுகிறது.

பிழை காட்டியதே உங்கள் அதிர்ஷ்டம். இதன் தலைகீழ்தான் ஆபத்து: முதல் வரி ஆறு நிரலுக்கு வந்து, உதவிக்குக் கீழே, இந்தத் தேர்வு எதைச் சார்ந்தது என்று சொல்லும் ஒரு ‘டிபெண்ட்ஸ் ஆன்’ வரி பழைய டேபுடன் எட்டில் நின்றால், அதுவும் விளக்கத்தோடு விழுங்கப்படும். சார்பு நிபந்தனை சத்தமில்லாமல் காணாமல் போகும். டபிள்யூ விருப்பம் இதையும் காட்டாது. உள்தள்ளலுக்குப் பொருள் உள்ள கோப்பில் அதை நம்பிப் பயனில்லை.

கிட்டில் கோப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, எதிர்த்திசையில் செய்யுங்கள்: வரித்தொடக்கத்தில் உள்ள எட்டு இடைவெளியை ஒரு டேபாக்குங்கள். உரையைத் தேடி மாற்றும் செட் கட்டளையில் ஒரு வரி போதும். கர்னலின் வழக்கம், ‘டிபெண்ட்ஸ் ஆன்’ போன்ற பண்பு வரிகளுக்கு ஒரு டேப், உதவி உரைக்கு டேபும் இரண்டு இடைவெளியும்.

நள்ளிரவுத்தொகுப்பி:
2019 இறுதியில் மேல்நிலைக் கர்னலின் (லினக்ஸின் பொதுவான மூலப் பதிப்பின்) பல பிரிவுகளுக்கு இதே திருத்தம் போனது. அங்கே பேட்ச் (திருத்தக் கோப்பு) அனுப்பும் எண்ணம் இருந்தால் முதலில் புதிய கர்னலின் கோப்பைப் பாருங்கள். பெரும்பாலும் வேலை முடிந்திருக்கும். மிச்சம் இருந்தால் இடைவெளித் திருத்தத்தைத் தனிப் பேட்சாக அனுப்புங்கள். டிரைவர் மாற்றத்தோடு கலந்தால் படிப்பவருக்கு எரிச்சல்தான் வரும்.

கரிசல்பலகை:
செட்டில் மாற்றினேன், மெனுகான்ஃபிக் திறக்கிறது. தேடியதில் உதவிக்குக் கீழே ‘டிபெண்ட்ஸ் ஆன்’ ஓரிடத்தில் இருக்கிறது; உதவிக்கு மேலே நகர்த்திவிடலாமா?

அலையாத்தி:
நகர்த்தலாம். ஆனால் அது இன்னொரு பேட்ச்.