கேபிள் கியர் வண்டியில் புஷ் மாற்றுதல்: ரப்பருக்குப் பதிலாகக் கடினமான பொருளைப் போடலாமா?

கோவைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது முன்சக்கர இயக்கமும் ஐந்து கியர் மேனுவல் கியர்பாக்ஸும் கொண்ட பெட்ரோல் ஹேட்ச்பேக். ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. கிளட்ச் சென்ற ஆண்டுதான் மாற்றப்பட்டது. கியர்பாக்ஸிலிருந்து எந்தச் சத்தமும் இல்லை. ஆனால் கியர் லிவர் மட்டும் நாளுக்கு நாள் தளர்ந்துகொண்டே வருகிறது. மூன்றாம் கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே லிவரை ஒரு விரலால் இடமும் வலமுமாக அசைக்க முடிகிறது. கோத்தகிரி ஏற்றத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கியர் விழுந்துவிட்டதா இல்லையா என்ற ஐயத்துடனேயே கிளட்சை விட வேண்டியிருக்கிறது.

பார்த்த பட்டறையில் இரண்டு கேபிள்களையும் முழுதாக மாற்றச் சொல்கிறார்கள். தேடிப் பார்த்தால் பாலியூரித்தேன் (ரப்பரைப் போல வளைந்தாலும் அதைவிடக் கடினமான பொருள்), டெல்ரின், பித்தளை, அலுமினியம் எனப் பல பொருள்களில் புஷ்கள், அதாவது இணைப்புகளுக்கு நடுவே மாட்டும் சிறு வளையங்கள், கிடைக்கின்றன. கேபிளை விட்டுவிட்டு புஷ்ஷை மட்டும் மாற்றினால் போதுமா, மாற்றுவதென்றால் எந்தப் பொருள் நல்லது, கடினமான புஷ் போட்டால் அதிர்வு உள்ளே வருமா, கியர்பாக்ஸுக்குப் பின்னால் கெடுதல் நேருமா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பட்டறைத்தம்பி எழுதியது:

ஐயா, புஷ் வாங்குவதற்கு முன்னால் ஆட்டம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். தங்கள் வண்டியைப் போன்ற அமைப்பில் லிவருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இரண்டு கேபிள்கள் ஓடுகின்றன. ஒன்று லிவரின் இட வல அசைவைக் கொண்டுசெல்கிறது. மற்றொன்று முன் பின் அசைவைக் கொண்டுசெல்கிறது. இவற்றில் தேய்மானம் வரக்கூடிய இடங்கள் முக்கியமாக நான்கு. லிவரின் அடிப்பெட்டி தரையோடு போல்ட் போடப்படும் இடத்தில் உள்ள ரப்பர் புஷ்கள் ஒன்று. லிவரின் உருண்டையைத் தாங்கும் பிளாஸ்டிக் கிண்ணம் இன்னொன்று. கியர்பாக்ஸ் மேலுள்ள பிராக்கெட்டில் கேபிளின் வெளியுறையைப் பிடித்து நிறுத்தும் புஷ் மூன்றாவது. கேபிள் நுனியிலுள்ள கண், செலக்டர் கையின் (கியர்பாக்ஸின் மேலிருந்து கியரைத் தேர்ந்தெடுக்கும் கை) பின்னில், அதாவது அதன் உலோக முளையில், மாட்டும் இடத்தில் இருக்கும் சிறிய புஷ் நான்காவது. என் கைக்கு வந்த வண்டிகளில் கடைசி இரண்டும்தான் பெரும்பாலும் முதலில் போகின்றன. இன்ஜின் சூடும் மழை நீரும் மண்ணும் அங்கேதான் ஓயாமல் படுகின்றன.

சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். இன்ஜினை அணைத்துவிட்டு, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றினால் பல வண்டிகளில் கியர்பாக்ஸின் மேற்பகுதி கண்ணுக்குத் தெரியும். சிலவற்றில் பேட்டரியையும் அதன் தட்டையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும். ஒருவர் உள்ளே அமர்ந்து லிவரை மெதுவாக, ஆட்டம் இருக்கும் அளவுக்குள் மட்டும் அசைக்கட்டும். மற்றவர் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். செலக்டர் கை நகராமல் கேபிள் கண் மட்டும் பின்னைச் சுற்றி நகர்ந்தால் நுனிப் புஷ் தேய்ந்திருக்கிறது. கேபிளின் வெளியுறையே பிராக்கெட்டுக்குள் முன்னும் பின்னும் போய் வந்தால் பிராக்கெட் புஷ் போய்விட்டது. அங்கே எதுவும் நகரவில்லை என்றால் கோளாறு உள்ளே, லிவர் பக்கம்.

கேபிளை மாற்ற வேண்டுமா என்பதற்கும் எளிய சோதனை உண்டு. இரண்டு நுனிகளையும் கழற்றிவிட்டு உட்கம்பியைக் கையால் இழுத்தும் தள்ளியும் பாருங்கள். தடங்கலின்றிச் சீராக ஓடினால், உறையிலும் வெடிப்பு இல்லையென்றால், கேபிள் நன்றாக இருக்கிறது. அதை மாற்றுவது வீண் செலவு. நடுவில் இறுகிப் பிடித்தாலோ மணல் உராய்வது போல் கரகரத்தாலோ, கேபிளை மாற்றத்தான் வேண்டும். எண்ணெய் ஊற்றிச் சரிக்கட்ட முயல வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் அணைந்திருக்கும்போது எளிதாக விழும் கியர், ஓடும்போது மட்டும் விழ மறுத்தால் முதலில் கிளட்ச் முழுதாக விலகுகிறதா என்று பார்க்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு கியர் மட்டும் உரசிக்கொண்டு விழுந்தால் அது சின்க்ரோனைசர் (கியர் விழும் முன் வேகத்தைச் சமப்படுத்தும் உள் வளையம்) தேய்மானமாக இருக்கக்கூடும். புஷ் மாற்றினால் இவை இரண்டும் தீராது.

லேத்_மனிதன் எழுதியது:

பொருளைப் பற்றி நான் சொல்கிறேன். இதே வேலையை நாள்தோறும் செய்பவன்.

முதலில், சிறிய தேய்மானம் கையில் ஏன் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைக் கவனியுங்கள். லிவர் குமிழ் 120 மி.மீ. நகரும்போது கேபிள் 24 மி.மீ. நகர்கிறது என்று வைத்துக்கொண்டால், நுனியில் ஏற்படும் 2 மி.மீ. தேய்மானம் குமிழில் 10 மி.மீ. ஆட்டமாக வந்து நிற்கும். பிராக்கெட் புஷ்ஷும் அப்படித்தான். உட்கம்பியை இழுக்கும்போது வெளியுறை எதிர்ப்பக்கம் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளலைத் தாங்காமல் ரப்பர் நசுங்கினால், கை நகர்த்திய தூரத்தில் ஒரு பகுதி கியருக்குப் போய்ச் சேர்வதே இல்லை. ஆகவே, கடினமான பொருளால் முழுப் பயன் கிடைக்கும் இடம் பிராக்கெட்தான்.

பிராக்கெட்டுக்கு டெல்ரின் எனப்படும் அசிட்டால் பிளாஸ்டிக்கைப் பரிந்துரைப்பேன். கடைவதற்கு எளிது, உராய்வு குறைவு, ஈரத்தை மிகக் குறைவாகவே உறிஞ்சும். மலிவு என்பதற்காக நைலானில் கடைந்து தரச் சொல்பவர்கள் உண்டு. நைலான் 6 நீரில் முழுதாக ஊறினால் தன் எடையில் ஏறத்தாழ 9 விழுக்காடு வரை ஈரம் ஏற்று உப்பும். கோடையில் சரியாக இருந்த புஷ் ஐப்பசி மழையில் இறுகிப்போவதற்கு அதுவே காரணம்.

கேபிள் நுனிக்கு வரும்போது எச்சரிக்கை தேவை. பல கியர்பாக்ஸ்களில் கியரைத் தேர்ந்தெடுக்கும்போது செலக்டர் தண்டு மேலும் கீழும் ஏறி இறங்குகிறது, பிறகு திரும்புகிறது. அதனால் கேபிள் கண் பின்னின் மேல் நேராக மட்டும் சுழல்வதில்லை, சற்றுச் சாயவும் செய்கிறது. ரப்பர் இந்தச் சாய்வை வளைந்துகொடுத்து ஏற்றுக்கொள்ளும். நேர் துளை போட்ட பித்தளை புஷ் ஏற்காது. அது பின்னின் ஓரத்தை அரித்துத் தின்னும், கியரும் இறுக்கமாக விழும். பித்தளைதான் வேண்டும் என்றால் உட்புறம் சற்று வளைவாகக் கடையப்பட்டதை, அல்லது உருண்டை மூட்டு உள்ளதைப் பாருங்கள். இல்லையென்றால் பாலியூரித்தேன் புஷ்ஷே இங்கே பாதுகாப்பானது. கடைந்து போடுபவர்கள் துளையைப் பின்னைவிட 0.05 முதல் 0.1 மி.மீ. வரை பெரிதாக வைத்தால் போதும். பின் முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் எந்தப் புஷ்ஷாலும் பயன் இல்லை.

மாருதிப்பித்தன் எழுதியது:

கேபிள் இல்லாத வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துக் குழம்பிவிடக் கூடாது என்பதற்காக ஒரு சொல். மாருதி 800 போன்றவற்றில் கேபிளுக்குப் பதிலாக இரண்டு ராடுகள் அடியில் ஓடுகின்றன. ஒன்று கியர் மாற்றும் ராடு. மற்றொன்று லிவர் கூட்டைக் கியர்பாக்ஸோடு இணைத்து நிறுத்தும் ராடு. கியர்பாக்ஸ் ஆடினால் ராடுகளும் ஆடும், லிவரும் தலையசைக்கும். அங்கே புஷ்ஷைக் கடினமாக்குவதற்கு முன்னால் இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்ட்டைப் பார்க்க வேண்டும். மவுண்ட் தளர்ந்த வண்டியில் ராடு புஷ்ஷை எத்தனை முறை மாற்றினாலும் லிவர் ஆடிக்கொண்டுதான் இருக்கும்.

கோவைவாசி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. பட்டறைத்தம்பி சொன்ன முறையில் தம்பியை உள்ளே அமர்த்திப் பார்த்தேன். இட வல அசைவுக்கான கேபிளின் கண்ணில் இருந்த புஷ் ஒரு பக்கம் முழுதாகத் தேய்ந்து, பின்னைச் சுற்றிப் பிறை வடிவில் இடைவெளி விழுந்திருக்கிறது. மற்ற கேபிளின் பிராக்கெட் ரப்பர் வெடித்து, கையால் தொட்டால் கரியாக உதிர்கிறது. பின்கள் வட்டமாகவே இருக்கின்றன. இரண்டு கேபிள்களும் தடங்கலின்றி ஓடுகின்றன. லிவர் அடிப்பெட்டியின் ரப்பர்களில் வெடிப்பு எதுவும் இல்லை. ஆயினும் கன்சோலைத் திறந்த கையோடு அவற்றையும் பாலியூரித்தேனுக்கோ அலுமினியத்துக்கோ மாற்றிவிடலாமா என்று எண்ணுகிறேன்.

பந்தயப்பாதை எழுதியது:

அந்த ரப்பர்களை அப்படியே விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை பந்தய ஓடுபாதையில் ஓடும் வண்டிகளில் அடிப்பெட்டியை அலுமினியத்தில் இறுக்குவதற்குப் பொருள் உண்டு. கையுறை அணிந்த கைக்கு லிவரின் இடம் தெளிவாகத் தெரிய வேண்டும். இன்ஜின் சத்தத்தை அங்கே யாரும் பொருட்படுத்துவதில்லை. சாலையில் ஓட்டும் குடும்ப வண்டியில் அடிப்பெட்டி ரப்பர்தான் கேபிள் வழியாக வரும் நடுக்கம் தரைத் தகட்டில் ஏறாமல் தடுக்கும் கடைசி அரண். கேபிள் நுனியையும் பிராக்கெட்டையும் கடினமாக்கப் போகும் நிலையில் இதையும் கடினமாக்கினால், ஐந்தாம் கியரில் நெடுஞ்சாலையில் போகும்போது கன்சோல் முழுவதும் ரீங்காரமிடத் தொடங்கும். வெடிக்காத ரப்பரில் கிடைக்கக்கூடிய இறுக்கம் மிகச் சிறியது. அதற்கு இது பெரிய விலை. பிற்காலத்தில் அவை நொந்துபோனால் மிதமான கடினமுள்ள பாலியூரித்தேனைப் போடுங்கள், அலுமினியம் வேண்டாம்.

கியர்பாக்ஸுக்குக் கெடுதலா என்று கேட்டிருந்தீர்கள். புஷ் தன்னளவில் கெடுதல் செய்யாது. ஆனால் தளர்ந்த இணைப்பில் பழகிய கை லிவரை அடித்துத் தள்ளியே பழகியிருக்கும். இணைப்பு இறுகியதும் அந்த விசை முழுவதும் நேராக சின்க்ரோனைசருக்குப் போகும். முதல் சில நாள்கள் விரல் நுனியால் மட்டும் தள்ளி, கியர் தானாக உள்ளே இழுக்கப்படும் வரை பொறுத்திருந்து மாற்றிப் பழகுங்கள்.

பட்டறைத்தம்பி எழுதியது:

பந்தயப்பாதை சொன்னதை நானும் வழிமொழிகிறேன். தாங்கள் கண்டதை வைத்துப் பார்த்தால், இரண்டு நுனிகளுக்கும் பாலியூரித்தேன், இரண்டு பிராக்கெட்டுகளுக்கும் டெல்ரின் என்று சோடியாக மாற்றிவிடுவது நல்லது. ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் முன் பின் அசைவும் இட வல அசைவும் கைக்கு வெவ்வேறாகத் தோன்றும்.

பழைய கண்ணை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். நாள்பட்ட பிளாஸ்டிக் பட்டென்று உடையும், அப்புறம் கேபிளையே வாங்க வேண்டியதாகிவிடும். கண்ணை அடியிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் சமமாகத் தூக்கிப் பின்னிலிருந்து எடுக்க வேண்டும். துளைக்குள் ஒட்டியிருக்கும் பழைய ரப்பரைக் கத்தியால் வெட்டி எடுத்து, உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்துவிட்டுப் புதிய புஷ்ஷை வைஸில் வைத்து அழுத்துங்கள். சுத்தியலால் அடிக்க வேண்டாம். உயவுக்கு சிலிக்கோன் கிரீஸ் மட்டும் தடவுங்கள். சக்கரத்துக்குப் போடும் சாதாரண கிரீஸ் பக்கத்திலிருக்கும் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். எதுவுமே தடவாவிட்டால் பாலியூரித்தேன் கிறீச்சிடும்.

மாட்டிய பிறகு நியூட்ரல் சரிசெய்வதை விட்டுவிடக் கூடாது. கேபிள் நீளத்தைச் சரிசெய்யும் பூட்டு பல வண்டிகளில் நுனியிலேயே இருக்கும். அதைத் திறந்து, கியர்பாக்ஸ் நியூட்ரலில் இருக்க, லிவரையும் நடுவில் நிறுத்திப் பூட்ட வேண்டும். எப்படி என்பது அந்தந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டில் படத்தோடு இருக்கும். பிறகு இன்ஜினை அணைத்த நிலையில் ஒன்று முதல் ஐந்து வரையும் ரிவர்ஸும் முழு ஆழத்துக்கு விழுகின்றனவா என்று பாருங்கள். லிவரின் தோல் உறையும் கன்சோலும் மூடிய பிறகு மறுபடியும் ஐந்தையும் ரிவர்ஸையும் போட்டுப் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் உறை மடிந்து ஓரத்தில் தடுப்பதால் கியர் பாதிதான் விழுந்திருக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. இவ்வளவும் சரியாக இருந்தால் ஏர் ஃபில்டர் பெட்டியை மாட்டிவிட்டுச் சாலையில் எடுக்கலாம்.