சைக்கிளுக்குக் கூலிங் கிளாஸ்: போலரைஸ்டு எடுக்கலாமா?

வணக்கம். பெங்களூரில் சைக்கிள் ஓட்டும் நம்ம ஆட்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹெப்பால் வழியாக நந்தி மலைக்குப் போகிறேன். கிளம்பும்போது இருட்டு, மேலே பனிமூட்டம், திரும்பும்போது தேவனஹள்ளிப் பக்கம் சுள்ளென்று வெயில். எல்லாவற்றுக்கும் ஒரே கண்ணாடி போதுமா?

தார் ரோட்டிலும் கார் பானெட்டிலும் பட்டுத் தெறிக்கும் கூச்சத்தைப் போலரைஸ்டு லென்ஸ் நன்றாகவே குறைக்கிறது. என் கவலையெல்லாம் இறக்கத்தில்தான். மர நிழலில் ரோடு ஈரமாக இருந்தால் அந்தப் பளபளப்புதான் முதலில் எச்சரிக்கும். அதையும் சேர்த்து மறைத்துவிட்டால்? கடையில் ஒன்றைப் போட்டுக்கொண்டு போனைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு கோணத்தில் திரை முழுக்கக் கறுத்துவிட்டது. ஹேண்டில்பாரில் மேப் பார்ப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நல்ல வெயிலுக்கான கருமையான கேட்டகரி 3 லென்ஸ் 8 முதல் 18 சதவீத வெளிச்சத்தைத்தான் உள்ளே விடும், விடியற்காலைக்கு ஆகாது. அதனால் போலரைஸ்டு இல்லாத, பிரவுன் நிற போட்டோகுரோமிக் (வெயிலில் தானாகக் கறுத்து, நிழலில் தெளியும் லென்ஸ்) பக்கம் மனசு போகிறது. குழியும் ஜல்லியும் பிரவுனில் எடுப்பாகத் தெரிகின்றன. ஆனால் வெயிலிலிருந்து அண்டர்பாஸுக்குள் நுழைந்தால் அது தெளியச் சில நிமிடங்கள் ஆகுமே, பயமாக இல்லையா?

யுவி 400 (புற ஊதாக் கதிர்த் தடுப்பு), பாலிகார்பனேட் (எளிதில் உடையாத பிளாஸ்டிக் லென்ஸ்) இரண்டும் கட்டாயம். எனக்கு மைனஸ் 2.5 பவர் வேறு. வளைந்த பிரேமில் பவர் போட்டால் ஓரங்களில் காட்சி கோணலாகிறதா, இல்லை, பவர் லென்ஸைத் தனியாக உள்ளே மாட்டும் கிளிப் நல்லதா? ஜெயநகர், மல்லேஸ்வரம் பக்கம் இதைச் சரியாகச் செய்துதரும் கடை தெரிந்தால் சொல்லுங்கள். 5,000 ரூபாய் வரை பார்க்கிறேன்.