தோட்டத்துச் சொந்தங்கள் குரூப்பில் ஒரு பூனைக்குட்டிப் பஞ்சாயத்து

செல்வி சித்தி கோபி: 📷 அண்ணா, நீங்க கேட்ட பூனைக்குட்டி. கருப்பு, செவலை, வெள்ளை மூணும் இருக்குது பாருங்க. ஞாயித்துக்கெழமை வந்தா எடுத்துட்டுப் போயிரலாம்.

பெரிய மாமா தோட்டம்: லட்சணமாத்தான் இருக்குது. கடுவன்தான? கொப்பரை போட்டிருக்கற சாளையில எலி தாங்கல. பொட்டைன்னா ஈத்துக்கு ஈத்து குட்டிய வெச்சுட்டு ஆள் தேடோணும்.

செல்வி சித்தி கோபி: கடுவன்தானுங்ணா. பால்காரர் தூக்கிப் பாத்துட்டுச் சொன்னாரு.

நித்யா நாமக்கல்: சித்தி, தூக்கவே வேண்டாமுங்க. போட்டோவுலயே தெரியுது. பொட்டை.

பிரபு ஈரோடு: வந்துட்டா மாட்டு டாக்டரு 😂 மூஞ்சியப் பாத்தே சொல்லிருவா

நித்யா நாமக்கல்: மூஞ்சி இல்லண்ணா, நெறம். கருப்பும் செவலையும் ஒரே உடம்புல இருந்தா அது பொட்டைதான்.

பெரிய மாமா தோட்டம்: அதெப்படி அம்முணி? நம்ம காங்கயம் கன்னு காளையோ கெடாரியோ செவலையாத்தான் விழுகுது. ஆறு மாசம் போனா சாம்பல் நெறத்து மயிலையாயிருது. நெறத்த வெச்சு ஆணு பொண்ணு சொன்னா சந்தையில சிரிப்பாங்க.

நித்யா நாமக்கல்: அது வேற கணக்குங்க மாமா. காளைக்குத் திமில்ல கருப்பு ஏறுறது, காயடிச்சா வெளுக்கறது எல்லாம் ஹார்மோன் வேலை. பூனைக்குச் செவலை குடுக்கற மரபணு எக்ஸ் குரோமோசோம்ல இருக்குது. கடுவனுக்கு எக்ஸ் ஒண்ணுதான். ஒண்ணு செவலை, இல்லீன்னா கருப்பு. பொட்டைக்கு எக்ஸ் ரெண்டு இருக்கறதுனால ஆளுக்கொரு நெறம் வந்து சேரலாம்.

பிரபு ஈரோடு: அப்ப ரெண்டும் கலந்து காப்பித்தூள் கலர்ல வரோணுமில்ல? திட்டுத்திட்டா ஏன் வருது?

நித்யா நாமக்கல்: நல்லாக் கேட்டீங்க. கரு சின்னதா இருக்கறப்பவே ஒவ்வொரு செல்லும் ரெண்டு எக்ஸ்ல ஒண்ண மூடி வெச்சுருது. எதை மூடறதுன்னு ஒரு கணக்கும் இல்ல, குருட்டாம்போக்குதான். அந்தச் செல்லுல இருந்து பெருகறதெல்லாம் அதையே மூடி வெச்சுக்கும். செவலை எக்ஸ் தொறந்திருக்கற எடம் செவலைத் திட்டு, மத்தது கருப்பு. 1961லயே மேரி லயான்னு ஒரு அம்மா எலிகளப் பாத்து இதைச் சொல்லிட்டாங்க. வெள்ளைக்கு வேற மரபணு, அத விடுங்க.

பெரிய மாமா தோட்டம்: அந்தம்மாவுக்கு எலி வேணுமின்னா இங்க வந்திருக்கலாம்.

நித்யா நாமக்கல்: 😀 ஆனா செவலை மரபணு எதுன்னு 2025 மே மாசந்தான் அச்சுல வந்துச்சு. ஜப்பான்ல கியூஷு, அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு, ரெண்டு யுனிவர்சிட்டிக் கூட்டமும் தனித்தனியாத் தேடி ஒரே எடத்துக்கு வந்திருக்காங்க. ஏஆர்எச்ஜிஏபி36னு பேரு. செவலைப் பூனைக்கு அங்க டிஎன்ஏவுல 5,000 எழுத்து நீளத்துக்கு ஒரு துண்டு காணோம். அதனால நெறம் உண்டாக்கற செல்லுல சும்மா கெடக்கோண்டிய மரபணு வேலைய ஆரம்பிச்சு, கருப்பு வர்ற எடத்துல செவலை வந்துருது. ஜப்பான்காரங்க சனங்ககிட்ட வசூல் பண்ணித்தான் ஆராய்ச்சியே செஞ்சாங்க.

செல்வி சித்தி கோபி: பூனைக்கு வசூலா! இங்க நோம்பிக்கே நாலு தடவ நடக்கோணும்.

பிரபு ஈரோடு: இதே குட்டி இன்னொண்ணு வேணுமின்னா குளோனிங் பண்ணிரலாமா?

நித்யா நாமக்கல்: 2001 டிசம்பர்ல டெக்சாஸ்ல பண்ணிப் பாத்தாங்கண்ணா. மூணு கலர் பூனையோட செல்லுல இருந்து எடுத்த குட்டிக்குச் செவலையே இல்ல. அந்தச் செல்லுல மூடிக் கெடந்த செவலை எக்ஸ் மூடினபடியே இருந்துருச்சு.

பெரிய மாமா தோட்டம்: மூணு கலர்ல தப்பித்தவறிக்கூட கடுவன் வராதா?

நித்யா நாமக்கல்: வருமுங்க. 3,000த்துல ஒண்ணும்பாங்க. எக்ஸ் ஒண்ணு கூடுதலாச் சேந்துட்டா அப்படி. அதும் பெரும்பாலும் மலடு. சித்தி, தாய்ப்பூனை என்ன நெறமுங்க?

செல்வி சித்தி கோபி: கரிச்சட்டியாட்டக் கருப்பு.

நித்யா நாமக்கல்: அப்பச் செவலை அப்பன்கிட்ட இருந்துதான் வந்திருக்கோணும். அப்பன் செவலைக் கடுவன்.

செல்வி சித்தி கோபி: எதுத்த வீட்டுது! அதான் ராத்திரிக்கு ராத்திரி பொடக்காலியில கத்திட்டுக் கெடந்துச்சா

பெரிய மாமா தோட்டம்: சரி, கூடப் பொறந்தது?

செல்வி சித்தி கோபி: ரெண்டு இருக்குதுங்ணா. ரெண்டுமே கருப்பு.

நித்யா நாமக்கல்: மாமா, யோசிக்காமத் தூக்கிட்டுப் போங்க. கடுவன் குட்டிக்கு எக்ஸ் தாய்கிட்ட இருந்து மட்டுந்தான் வரும். அந்த அப்பனுக்குப் பொறந்த பொட்டைன்னா செவலைத் திட்டு இருந்தே ஆகோணும். கருப்பு ரெண்டும் கடுவன்தான்.

செல்வி சித்தி கோபி: இல்ல கண்ணு, ஒண்ணு பொட்டை மாதிரித்தான் தெரியுது.

நித்யா நாமக்கல்: வாலத் தூக்கிப் பாருங்க சித்தி. ரெண்டு ஓட்டையும் கிட்டக்கிட்ட இருந்தாப் பொட்டை. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வெரல் அகலம் எடம் விட்டு, அங்க உருண்டையாத் தெரிஞ்சாக் கடுவன்.

செல்வி சித்தி கோபி: 📷📷

நித்யா நாமக்கல்: ரெண்டாவது போட்டோ பொட்டைதானுங்க.

பிரபு ஈரோடு: டாக்டரம்மா கணக்கு புட்டுக்கிச்சு 🤣

நித்யா நாமக்கல்: கணக்கு சரிதாண்ணா. அந்தக் குட்டிக்கு அப்பன் வேற. பூனையில ஒரே ஈத்துல ரெண்டு மூணு அப்பனுக்குக் குட்டி இருக்கும்.

செல்வி சித்தி கோபி: அட கருமமே. சின்னப் பசங்க இருக்கற குரூப்பு.

பெரிய மாமா தோட்டம்: அப்பன் ஆரா இருந்தா எனக்கென்ன, எலி புடிச்சாச் செரி. செல்வி, இப்பப் போட்டதுல மொத போட்டோவுல இருக்கற கருப்புக் கடுவன எனக்கு வையி. ஞாயித்துக்கெழமை வெடியால வந்தர்றேன்.

பிரபு ஈரோடு: சித்தி, மூணு கலர எனக்கு எடுத்து வைங்க.

செல்வி சித்தி கோபி: உன்ற பொண்டாட்டியக் கேட்டியா சாமி?

பிரபு ஈரோடு: கேட்டாச்சுங் சித்தி.

கீதா பிரபு: கேக்கலீங் சின்னத்தை.