நவம்பரில் போர்ச்சுகல்: சாப்பாடு, ஒயின், கைவேலை பார்க்க எந்தப் பக்கம் போகலாம்?

கேள்வி:

நவம்பர் இரண்டாவது வாரம் போர்ச்சுகல் போகிறோம். நான், மனைவி, அம்மா. லிஸ்பனுக்கு ஒதுக்கியது போக ஒரு நான்கு நாள் கையில் இருக்கிறது. கோட்டை, தேவாலயப் பட்டியல் எங்கு தேடினாலும் கிடைக்கிறது, அது வேண்டாம். ஒரு வட்டாரத்து மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், என்ன குடிக்கிறார்கள், கையால் என்ன செய்கிறார்கள் என்பதைச் செய்கிற இடத்திலேயே போய்ப் பார்க்க ஆசை. வடக்கே போர்ட்டோ பக்கம் போ என்கிறார்கள் சிலர், தெற்கே அலென்தேஜோ வட்டாரத்துக்குப் போ என்கிறார்கள் சிலர். மனைவி மண்பாண்டம் செய்யக் கற்றவர், அதனால் குயவர் பட்டறை ஏதாவது கட்டாயம் இருக்க வேண்டும். அம்மா முட்டை, பால் சாப்பிடுவார், மீனும் இறைச்சியும் தொடமாட்டார். எனக்கு ஒயின் பிடிக்கும், பெரிதாக விவரம் தெரியாது. கார் ஓட்டுவேன், ஆனால் சாலையின் வலப்பக்கம் ஓட்டிப் பழக்கமில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:

அலென்தேஜோ போங்கள். எவோரா நகரத்தில் அறை எடுத்து நான்கு நாளும் அங்கேயே தங்குங்கள், ஊர் ஊராகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். லிஸ்பனிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர், பஸ்ஸிலோ ரயிலிலோ ஒன்றரை மணி நேரம்தான். அதற்கப்புறம் கார் வேண்டும், சிற்றூர்களுக்குப் பஸ் குறைவு, சனி ஞாயிறில் இன்னும் மோசம். காரை லிஸ்பனில் எடுக்காமல் எவோராவில் எடுங்கள், அந்தப் பக்கத்துச் சாலைகள் நேராகவும் காலியாகவும் இருக்கும், வலப்பக்கம் ஓட்டிப் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது.

இன்னொன்று, நீங்கள் போகிற வாரத்தில் நவம்பர் 11 வருகிறது. அது புனித மார்ட்டின் நாள். அதைப் பற்றி எழுதத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

பதில் 2:

அந்த 11ஆம் தேதி விஷயத்தை நான் சொல்கிறேன், எனக்கு இதில் ரொம்ப ஈடுபாடு.

அலென்தேஜோவில் தால்யா என்று ஒரு மண் சாடி உண்டு. நெல் கொட்டி வைக்கும் நம் ஊர்க் குதிர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், சில சாடிகள் ஆளை விட உயரம். ரோமானியர் காலத்திலிருந்து இந்தச் சாடியில்தான் அங்கே ஒயின் செய்து வந்திருக்கிறார்கள். உள்பக்கம் பைன் மரப் பிசின் பூசி வைப்பார்கள், மண் சுவர் வழியாக ஒயின் கசியக் கூடாதே. திராட்சையை நசுக்கித் தோலோடு சேர்த்து உள்ளே போட்டுவிடுவார்கள். நொதிக்கும்போது தோலெல்லாம் மேலே வந்து மூடிபோல் அடைத்துக்கொள்ளும், அதை மரக்கட்டையால் தினமும் அமுக்கிவிட வேண்டும், விட்டால் உள்ளே அழுத்தம் ஏறிச் சாடியே வெடிக்கும். நொதித்து முடிந்ததும் தோல் தானாக அடியில் படியும். அப்புறம் சாடியின் கீழ்ப்பக்கத்துத் துளையில் ஒரு குழாயைச் செருகித் திறந்தால், படிந்து கிடக்கும் தோலும் காம்புமே வடிகட்டியாகி ஒயின் தெளிந்து வருகிறது. அந்தத் திறப்பு நாள்தான் நவம்பர் 11. தால்யா ஒயின் என்று சட்டப்படி முத்திரை போட வேண்டுமானால் அந்தத் தேதி வரைக்கும் தோலோடு இருந்தே ஆக வேண்டும். அந்த முத்திரை 2010இலிருந்து இருக்கிறது.

இதற்கு நேராகப் போக வேண்டிய ஊர் விலா தி ஃப்ராதெஸ், பக்கத்தில் விதிகெய்ரா, கூபா. எவோராவிலிருந்து தெற்கே ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். விலா தி ஃப்ராதெஸில் இந்த ஒயினுக்கென்றே ஒரு விளக்க மையம் இருக்கிறது, முதலில் அதைப் பார்த்துவிட்டுப் பிறகு சாடி வைத்திருக்கும் அதேகாக்களுக்குப் போங்கள் (ஒயின் செய்கிற கொட்டகையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்). வெள்ளை ஒயினைத்தான் கேளுங்கள், அந்தாவ் வாஸ் என்கிற திராட்சை அந்தப் பக்கத்துச் சொத்து. தோலோடு ஊறியதால் நிறம் தேன் மஞ்சளாக இருக்கும், நாக்கை லேசாகப் பிடிக்கும், பிசின் வாசனை கொஞ்சம் வரும். முதல் வாய்க்குப் பிடிக்காமல் போகலாம், கூட ரொட்டியும் ஆலிவும் வைத்துக்கொண்டு மெதுவாகக் குடியுங்கள்.

அதிர்ஷ்டம் இருந்தால் அங்கேயே கான்ட்டு என்கிற கூட்டுப் பாட்டு கேட்கலாம். வாத்தியம் எதுவும் கிடையாது, ஒருவர் தொடங்க, இன்னொருவர் மேல் சுருதியில் எடுக்க, பிறகு கூட்டமே தோளோடு தோள் நின்று பாடும். 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மேடையில் கேட்பதைவிட ஒயின் கொட்டகையில் கேட்பதுதான் எனக்குப் பிடிக்கும்.

ஒரு கண்டிப்பான வார்த்தை: அன்றைக்கு நீங்கள் வண்டி ஓட்டாதீர்கள். அங்கே ரத்தத்தில் மது அளவு லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு. மனைவி ஓட்டட்டும், இல்லையென்றால் டாக்சி பேசிக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:

இவ்வளவு விவரம் வரும் என்று நினைக்கவே இல்லை, நன்றி. 11ஆம் தேதி முடிவாயிற்று, மனைவி ஓட்டுவதாகச் சொல்லிவிட்டார். மண்பாண்டமும் அம்மாவின் சாப்பாடும்தான் பாக்கி.

பதில் 3:

மண் என்றால் இரண்டு ஊர். முதலாவது சாவ் பெத்ரூ தூ கொர்வால், மொன்சராஸ் போகிற வழியில். சின்ன ஊர், ஆனால் திரும்பின பக்கமெல்லாம் குயவர் பட்டறை. கதவு திறந்திருந்தால் உள்ளே போய்ச் சக்கரம் சுற்றுவதைப் பார்க்கலாம், உங்கள் மனைவி தொழில் தெரிந்தவர் என்றால் பேச்சு நீளும். வாங்கும்போது சாப்பாட்டுக்குப் பயன்படுத்தலாமா, சுவரில் மாட்ட மட்டுமா என்று கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது எஸ்த்ரெமோஸ். சனிக்கிழமை காலை போங்கள், ஊர் நடுவே பெரிய மைதானத்தில் சந்தை கூடும், பாலாடைக்கட்டி, ஆலிவ், காய்கறி, பழைய சாமான் எல்லாம். அங்கே செய்கிற மண் பொம்மைகள் 2017இல் யுனெஸ்கோ பட்டியலுக்குப் போனவை. அச்சு வைத்துத் தட்டுகிற பொம்மைகள் இல்லை, மண்ணைத் தகடாகவும் உருண்டையாகவும் திரியாகவும் பிடித்து ஒட்டி ஒட்டி உருவாக்கிச் சுட்டு, பிறகு வண்ணம் தீட்டி வார்னிஷ் பூசுவார்கள். தலைக்கு மேல் பூ வளைவு வைத்த வசந்தப் பெண், கண்ணைக் கட்டிய காதல், மேய்ப்பர்கள் என்று பழைய உருவங்களே திரும்பத் திரும்ப வரும், ஆனால் ஒவ்வொரு கைக்கும் முகம் மாறும். நகராட்சி அருங்காட்சியகத்தில் பழையவற்றைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொண்டு அப்புறம் கடைக்குப் போங்கள். விலை கொஞ்சம் அதிகமாகத் தெரியும், அந்த வேலைக்கு அது நியாயமான விலை, பேரம் பேசாதீர்கள்.

அர்ராயோலோஸ் விரிப்பும் பக்கத்தில்தான், எவோராவிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம். அது நெய்வது கிடையாது, துணியின் மேல் கம்பளி நூலால் சாய்ந்த குறுக்குத் தையல் போட்டு ஒரு இடம் விடாமல் மூடுகிறார்கள், பாரசீக விரிப்புகளின் பூவேலை பார்த்து வளர்ந்த கலை. முழு விரிப்பு வாங்க மாதக் கணக்கான உழைப்புக்குப் பணம் கொடுக்க வேண்டும், திண்டு உறை அளவில் சின்னதாகவும் கிடைக்கும்.

யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், அல்காசோவஸ். மாட்டு மணி செய்கிற ஊர். இரும்புத் தகட்டை வளைத்து மணியாக்கி, பித்தளைத் துண்டுகளைச் சுற்றிலும் வைத்து, வைக்கோல் கலந்த களிமண்ணால் முழுதாகப் பொதிந்து சூளையில் போடுவார்கள். பித்தளை உருகி இரும்பின் மேல் படிந்துவிடும். மண்ணை உடைத்து எடுத்து, சுத்தியலால் தட்டித் தட்டி ஓசையைச் சரிசெய்வார்கள். செய்பவர்கள் மிகக் குறைந்துவிட்டதால் 2015இல் யுனெஸ்கோ இதை அவசரமாகக் காக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. நேரம் இருந்தால் விரிப்பை விட்டாலும் இதை விடாதீர்கள்.

பதில் 4:

அம்மாவுக்கு. அங்கத்திய சமையலே ரொட்டி, ஆலிவ் எண்ணெய், பூண்டு, கொத்தமல்லி. ஆமாம், கொத்தமல்லிதான், கட்டுக்கட்டாகப் போடுவார்கள், ஐரோப்பாவில் வேறு எங்கும் இவ்வளவு பார்த்ததில்லை. அசோர்டா கேளுங்கள்: பூண்டும் கொத்தமல்லியும் உப்பும் இடித்து, ஆலிவ் எண்ணெய் விட்டு, கொதி நீர் ஊற்றி, பழைய ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, மேலே ஒரு முட்டை. ஏழைகளின் சாப்பாடாக இருந்தது, இன்றைக்கும் அதுதான் அந்த மண்ணின் அடையாளம். ஆனால் அந்தக் கொதி நீர் சில சமயம் கருவாட்டுக் காட் மீன் வேகவைத்த நீராக இருக்கும், அதனால் மீன் இல்லாமல் என்று சொல்வதோடு தண்ணீரைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். மீகாஸ் என்கிற ரொட்டிக் கிளறல் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பில் செய்வது, அம்மாவுக்கு வேண்டாம். தக்காளி சூப்பில் சொரிசோ என்கிற பன்றித் தொத்திறைச்சித் துண்டு கிடக்கலாம். இறைச்சி இல்லை என்று மட்டும் சொன்னால் போதாது, சொரிசோ, பிரெசுன்து (உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை) என்று பேர் சொல்லிக் கேளுங்கள்.

நல்ல செய்தி: செர்ப்பா, எவோரா, நீசா பாலாடைக்கட்டிகளில் பாலைத் திரிக்க ஒரு முட்செடியின் பூவைத்தான் போடுகிறார்கள், கன்றின் இரைப்பையிலிருந்து எடுப்பது இல்லை. அம்மா தைரியமாகச் சாப்பிடலாம். இனிப்புக்குச் செரிக்காயா, முட்டையும் பாலும் பட்டையும் சேர்த்துச் சுட்டது, மேலே வெடிப்பு விட்டிருக்கும், கூட எல்வாஸ் ஊர்ப் பிளம் பழம் பாகில் ஊறியது. மடங்களில் பிறந்த மற்ற இனிப்புகளில் சிலவற்றில் பன்றிக் கொழுப்பு சேரும், கேட்டுவிட்டு எடுங்கள்.

நீங்கள் இறைச்சி சாப்பிடுவீர்களானால் சரியான பருவத்தில் போகிறீர்கள். கார்க் ஓக் தோப்புகளில் கருப்புப் பன்றிகள் கீழே விழுந்த ஓக் கொட்டையைத் தின்று கொழுக்கிற காலம் அது. போகிற வழியில் மரங்களில் வெள்ளையாக ஓர் எண் எழுதியிருக்கும், அது பட்டை உரித்த வருடத்தின் கடைசி இலக்கம், ஒன்பது வருடம் கழித்துத்தான் மறுபடி உரிப்பார்கள். உரிப்பு கோடையில் நடப்பதால் நீங்கள் பார்க்க முடியாது.

மேசையில் உட்கார்ந்ததும் ரொட்டி, ஆலிவ், சீஸ் வந்துவிடும், அது இலவசம் கிடையாது. வேண்டாமென்றால் தொடாமல் திருப்பி அனுப்புங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மேயா தோஸ் என்றால் அரை அளவு, இரண்டு பேருக்கே அது தாங்கும்.

பதில் 5:

அலென்தேஜோவைக் குறை சொல்லவில்லை, ஆனால் வடக்கையும் ஒரு வார்த்தை சொல்கிறேன். வியாழக்கிழமை பார்செலோஸ் சந்தையில் மண்பாண்டம் குவிந்திருக்கும், போர்ச்சுகல் முழுக்க நினைவுப் பொருளாக விற்கிற சேவல் பொம்மை பிறந்த ஊரே அதுதான், லிஸ்பன் கடைச் சேவலும் அங்கே கையால் செய்கிற சேவலும் ஒன்றில்லை. அதே வடக்கில் வியானா என்கிற ஊர்ப் பக்கம் தங்கக் கம்பி நகை வேலை, குடிக்க வின்யோ வெர்தெ என்கிற ஒயின். நவம்பரில் மழை அதிகம் என்பது ஒன்றுதான் தடை. நான்கு நாளில் இரண்டையும் திணிக்காதீர்கள்.

கேட்டவர்:

வடக்கு இன்னொரு முறைக்கு. சனிக்கிழமை எஸ்த்ரெமோஸ், 11ஆம் தேதி விலா தி ஃப்ராதெஸ், நடுவில் கொர்வாலும் அல்காசோவஸும். பொம்மைகளை விமானத்தில் எப்படிக் கொண்டுவருவது?

பதில் 3:

கைப்பெட்டியில், துணிகளுக்கு நடுவே. பொம்மையின் பூ வளைவும் கையும்தான் முதலில் உடையும், அந்த இடைவெளியில் காலுறையைத் திணியுங்கள். ஒயின் புட்டி கைப்பெட்டியில் போகாது, அதைப் பெரிய பெட்டியில் போடுங்கள். இந்தியாவுக்குள் ஆளுக்கு 2 லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம். மாட்டு மணியின் நாக்கைத் துணியால் கட்டிவிடுங்கள்.