காரை ஓடைகளில் கடலுயிரிப் படிவங்கள்: அடியில் எண்ணெய் இருக்குமா?

ஓடைக்கல்:
பெரம்பலூர் மாவட்டம் காரைக்குப் போய் வந்தேன். மழை அரித்த களிமண் ஓடைகளில் காலடிக்கு ஒரு பெலம்னைட், பத்தடிக்கு ஓர் அம்மோனைட். இரண்டும் அழிந்துபோன கணவாய் இன உயிரிகளின் படிவங்கள். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கிரேட்டேசியஸ் கடலின் அடித்தளம் அது. இதே காவிரிப் படுகையின் கிழக்கே, நரிமணத்தில் எண்ணெய் எடுக்கிறார்கள். கடலுயிரிகள் இவ்வளவு செறிந்த இந்த மேற்குப் பகுதியை மட்டும் ஏன் ஒதுக்குகிறார்கள்? இங்கேயும் எண்ணெய் இருக்க வேண்டும் என்பதே என் கட்சி.

மண்ணளந்தான்:
ஓடு கிடைத்தால் எண்ணெய் கிடைக்கும் என்ற கணக்கே தவறு, நண்பரே. எண்ணெயாக மாறுவது அம்மோனைட் அல்ல. கண்ணுக்குத் தெரியாத மிதவை நுண்ணுயிரிகளின் கொழுப்பு. அரியலூர் அருகே கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பிகள் குவியல் குவியலாகக் கிடக்கின்றன. அதிலிருந்து சிமெண்ட் வருகிறது, எண்ணெய் வருவதில்லை. காரையில் ஜிப்சம் என்ற கால்சியம் சல்பேட் உப்பு நரம்புகளைப் பார்க்கவில்லையா? கடல் ஆவியாகி வற்றியதன் அடையாளம் அது. வற்றிய குட்டையில் எண்ணெய் தேடுகிறீர்கள்.

அடுக்குநோக்கி:
இருவர் பக்கமும் பிழை இருக்கிறது. முதலில் ஜிப்சம். அது களியோடு சேர்ந்து அடுக்காகப் படிந்திருந்தால் மண்ணளந்தான் சொல்வதை யோசிக்கலாம். ஆனால் அது அடுக்குகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு விரிசல்களில் ஓடுகிறது. களி படிந்து நெடுங்காலம் கழித்து வந்தது என்றுதான் அதற்குப் பொருள். களியில் இருந்த பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமத்தில் காற்றும் மழைநீரும் பட்டால் கந்தக அமிலம் உண்டாகும். அது ஓடுகளின் சுண்ணாம்போடு கலந்தால் ஜிப்சம். தவிர, அம்மோனைட்டும் பெலம்னைட்டும் திறந்த கடலின் பிராணிகள். வற்றும் உப்பங்கழியில் அவை கூட்டமாக வாழா.

ஓடைக்கல்:
அப்படியானால் என் கட்சிக்கு வலு கூடுகிறது, ஐயா! ஆக்சிஜன் இல்லாத சேற்றில்தான் பைரைட் பிறக்கும். அழுகாமல் கரிமப் பொருள் தங்குவதும் அதே சேற்றில்தான்.

மண்ணளந்தான்:
ஜிப்சம் விஷயத்தில் நான் தவறினேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாவு இருந்தால் போதுமா, அடுப்பு வேண்டாமா? கெரோஜன், அதாவது பாறையில் தங்கிய கரிமப் பொருள், எண்ணெயாக வெந்துவர ஏறத்தாழ 60 முதல் 120 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. ஒரு கிலோமீட்டர் கீழே போனால் சுமார் 30 டிகிரி கூடும் என்று வைத்துக்கொண்டால், பொதுவாக இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் புதைந்திருக்க வேண்டும். காரைக் களியை விரலால் கிள்ளி எடுக்கலாம். ஆழத்தில் புதைந்து அழுந்திய பாறை இப்படியா உதிரும்? இன்னொன்றும் உண்டு. இதே பகுதியின் சாத்தனூர்க் கல்மரத்தின் 18 மீட்டர் அடிமரத்தைப் பாருங்கள். ஆறு அதைக் கடலுக்கு இழுத்து வந்து போட்டது. கரை அவ்வளவு பக்கம் என்றால் சேற்றில் மரத்தூளும் இலைச்சருகும் நிறையச் சேர்ந்திருக்கும். அவை வெந்தாலும் பெரும்பாலும் எரிவாயுதான் மிஞ்சும்.

ஓடைக்கல்:
கல்மரம் காரைக் களிக்கு மேலுள்ள, வயதில் இளைய அடுக்கில் கிடக்கிறது. அதை வைத்துக் காரைக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். சரி, வெப்பம் வேண்டும் என்கிறீர்கள். இந்தப் படுகையில் எண்ணெய் பிறக்கும் முக்கியமான தாய்ப்பாறை ஒன்றுக்கு ஆண்டிமடம் என்று பெயர். ஆண்டிமடம் அரியலூர் மாவட்டத்து ஊர்! இதற்கு என்ன சொல்கிறீர்கள்? இதே படுகையின் மாதானத்திலோ படிவுகளுக்கெல்லாம் அடியில் விரிசல் விட்டுக் கிடக்கும் அடித்தளப் பாறையிலேயே எண்ணெய் கண்டிருக்கிறார்கள். கடலே பார்க்காத பாறை எண்ணெய் தருமென்றால் படிவுச் சூழல் பற்றி இவ்வளவு பேச்சு எதற்கு?

அடுக்குநோக்கி:
நல்ல அடி, ஆனால் குறி தப்பியது. ஆண்டிமடம் இருப்பது அரியலூர் மாவட்டத்தின் கிழக்கு ஓரம். காரை, படுகையின் மேற்கு விளிம்பு. இடையே நிலத்தடியின் அமைப்பே மாறிவிடுகிறது. இந்தியா அண்டார்டிகாவிடமிருந்து பிரிந்தபோது இந்தக் கரை வடகிழக்கு தென்மேற்காகக் கிழிந்தது. சில துண்டுகள் அமிழ்ந்து பள்ளமாயின. வேறு சில துண்டுகள், கும்பகோணம், பட்டுக்கோட்டை மேடுகளைப் போலத் தூக்கி நின்றன. படுகையின் ஆழமான பள்ளங்களில் படிவுகளின் கனம் 5 கிலோமீட்டரைத் தாண்டும். ஆண்டிமடம் அடுக்கும் சாத்தப்பாடிக் களிப்பாறையும் அங்கே புதைந்து வெந்தன. அதாவது காரைக் களிக்குக் கிடைக்காத அடுப்பு, ஏறத்தாழ அதன் வயதுடைய சாத்தப்பாடிக்குக் கிடைத்தது.

மாதானத்து அடித்தளப் பாறை எண்ணெயைப் பெற்ற தாய் அல்ல, வாடகைக்கு விட்ட வீடு. பக்கத்துப் பள்ளத்துச் சேறு ஈன்ற எண்ணெய் விரிசல்களில் புகுந்து தங்கியது. ஆகவே படிவுச் சூழல் இல்லாமல் அந்தக் கதையும் தொடங்காது.

ஓடைக்கல்:
விளிம்பில் எண்ணெய் பிறக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். பள்ளத்தில் பிறந்தது மணற்கல் வழியே மேற்கே ஏறி வந்திருக்கலாமே?

மண்ணளந்தான்:
வந்திருக்கலாம். வந்தது தங்க வேண்டுமே! மேலே எண்ணெய் கசியாமல் அடைக்கும் மூடுபாறை வேண்டும். விளிம்பில் அடுக்குகள் சாய்ந்து தரைமட்டத்துக்கே வந்துவிடுகின்றன. மூடியில்லாத பானை அது. எண்ணெய் அங்கே ஏறியிருந்தாலும் நிலத்தடி நீர் கழுவியிருக்கும், பாக்டீரியா தின்றிருக்கும்.

ஓடைக்கல்:
முழுதாக ஏற்கவில்லை. காரைக் களியில் ஒரு பை எடுத்து வந்திருக்கிறேன். அதில் கரிமம் எவ்வளவு என்று சோதித்துவிட்டு மீண்டும் வருகிறேன்.

அடுக்குநோக்கி:
தரையில் கிடந்த களி என்றால் பயனில்லை. பைரைட்டை ஜிப்சமாக்கிய அதே காற்றும் மழையும் கரிமத்தையும் தின்றிருக்கும். சாம்பல் நிறம் மாறாத, வெயில் படாத களி கிடைக்கும்வரை தோண்டி எடுக்க வேண்டும். அதற்கும் முறைப்படி அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். பையில் பெலம்னைட் எதுவும் இருந்தால், அடுத்த முறை போகும்போது அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.