வலி குறைஞ்சாச்சு, ஸ்கேனில் மட்டும் சிவப்பு: ஆர்.ஏ. (முடக்குவாதம்) அனுபவங்கள்

சேலத்துக்காரி:
போன செக்கப்பில் உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனைகள் சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். இரண்டுமே நார்மல். காலையில் விரல் மடக்கப் படும் பாடும் குறைந்துவிட்டது. ஆர்.ஏ.வுக்குச் சாப்பிடும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையைக் குறைக்கலாமா என்று கேட்டதற்கு, டாக்டர் மணிக்கட்டுக்கு பவர் டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தைக் கலரில் காட்டும் அல்ட்ராசவுண்ட்) எழுதிக் கொடுத்தார்.

சாம்பல் திரையில், எலும்புக்கு மேலே, ஆரஞ்சும் சிவப்புமாகப் பொட்டுப் பொட்டாகத் துடித்தது. "எல்லாம் புது ரத்தக் குழாய்ம்மா. நல்ல மூட்டில் இந்த இடம் கிட்டத்தட்ட இருட்டாகத்தான் இருக்கும்" என்றார். வலிக்காத கையில் எப்படி டாக்டர் என்று விடாமல் கேட்டேன்.

மூட்டின் உள்சவ்வு இயல்பில் 1 முதல் 3 செல் அடுக்குதானாம். ஆர்.ஏ.வில் மேக்ரோபேஜ், டி செல் என்று எதிர்ப்புச் செல்கள் வந்து குவிந்து சவ்வு தடித்துவிடும். அத்தனைக்கும் இருக்கிற ரத்தம் பத்தாது, ஆக்சிஜன் குறையும். உடனே மேக்ரோபேஜும் சவ்வுச் செல்களும் ரத்தக் குழாயை வளரவைக்கும் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கும். எதிர்ப்புச் செல்கள் விடும் டி.என்.எஃப்., ஐ.எல்-6 என்ற அழற்சிப் புரதங்கள் எல்லாம் அதை இன்னும் கிளப்பிவிடும். பக்கத்துக் குழாய்கள் கிளைவிட ஆரம்பிக்கும். இந்தப் புதுக் குழாய்கள் சரியாக முதிராதவை, கசியும். ஆக்சிஜன் பற்றாக்குறையும் தீராது. அந்த வழியாகவே அடுத்த கூட்டம் செல்களும் உள்ளே வரும். சோறு பத்தலை என்று ரோடு போட்டால், அதே ரோட்டில் இன்னும் நாலு பேர் சாப்பிட வந்த கதைதான்!

மாத்திரை குறையவில்லை.

ஸ்கேன் ரூம்:
நான் ரேடியாலஜிஸ்ட். ப்ரோபை (தோலில் வைக்கும் ஸ்கேன் கருவியை) கொஞ்சம் அழுத்தினாலும் இந்தப் பொடிக் குழாய்கள் நசுங்கி, சிவப்பு காணாமல் போய்விடும். அதனால் ஜெல்லைத் தாராளமாக வைத்து, தோலில் படுகிறதா இல்லையா என்கிற மாதிரி பிடிப்போம். கை ஜில்லென்றிருந்தாலும் குறைவாகத்தான் தெரியும். ஏ.சி.யில் காத்திருந்து வருபவர்களைக் கொஞ்ச நேரம் கையை மூடி உட்காரச் சொல்வேன். வலி இல்லாத மூட்டிலும் சிவப்பு நீடித்தால் எலும்பு அரிக்க வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. உங்கள் டாக்டர் செய்தது சரிதான்.

அம்மாவுக்காக:
எங்கள் அம்மாவுக்கு சர்க்கரையால் விழித்திரை கசிந்து, கண்ணில் வி.இ.ஜி.எஃப். தடுப்பு ஊசி போட்டிருக்கிறோம். கசிவு நின்றுவிட்டது. ஆர்.ஏ. டாக்டர் இதே புரதத்தின் பெயரைச் சொன்னதும் அம்மா, "அப்போ அந்தக் கண் ஊசியையே முட்டிக்கும் போட்டுவிடுங்களேன்" என்றார். டாக்டர் சிரித்தாலும் கேள்வி நல்ல கேள்விதான் என்றார். கண்ணுக்குள் போடுவது துளி மருந்து. ஆர்.ஏ.வில் பல மூட்டு என்பதால் உடம்பு முழுக்கப் போகிற மாதிரி கொடுக்கவேண்டி வரும், அப்போது பி.பி. ஏறும், காயம் ஆறாது, சிறுநீரில் புரதம் போகும். வருடக்கணக்கில் கொடுக்க முடியாது.

அதனால் வி.இ.ஜி.எஃப்.-ஐத் தூண்டிவிடுகிற டி.என்.எஃப். மாதிரியானவற்றின் பக்கமே போகிறார்கள். 1992-இல் லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் ஃபெல்ட்மன், மைனி என்ற ஆராய்ச்சியாளர்கள் இருவரும் டி.என்.எஃப். தடுப்பு மருந்தை ஆர்.ஏ. நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த மருந்து ரத்தத்தில் வி.இ.ஜி.எஃப். அளவையும் இறக்குவது பின்னால் தெரியவந்தது.

அம்மாவுக்கும் அந்த வகை ஊசிதான் முடிவாகியிருக்கிறது. டி.என்.எஃப்.-ஐத் தடுத்தால் உள்ளே அடங்கிக் கிடக்கும் டி.பி. கிளம்பலாம் என்பதால், முதலில் அந்தப் பரிசோதனை. நேற்று ரத்தமும் எக்ஸ்ரேயும் எடுத்தாச்சு. அப்புறம், இந்த ஊசிக்கு இன்சூரன்ஸ் கிடைத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்களேன்.